ஒன்றரை வயதுப் பாப்பாவுக்கு இதயக் குறை: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் புரியட்டும். ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. மூன்றாம் மாதத்தில் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்து, ‘ஃபாலோ டெட்ராலஜி’ என்ற பிறவி இதயக் குறை என்று சொல்லியிருக்கிறார்கள். சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு, 82 சதவீதம். இன்னும் மூன்று மாதத்தில் ஆபரேஷன். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு காலையில், ஐந்து வயது அண்ணன் பொம்மையைப் பிடுங்க, பாப்பா அழுது அழுது உதடு கருநீலமாகித் துவண்டு போனாள். சில நிமிடத்தில் தானாகத் தெளிந்தாள். அன்றிலிருந்து வீட்டில் அவளை யாரும் அழவிடுவதில்லை, கேட்டது கைக்கு வந்துவிடுகிறது. சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. மாமியார், ஐந்து வயது ஆகட்டும், அப்புறம் ஆபரேஷனைப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். அதற்குள் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்திவிட வேண்டும் என்றும் சொல்கிறார். ‘இந்தப் பிள்ளையை நான் எப்படி வளர்ப்பேன்’ என்று முடித்திருக்கிறீர்கள்.

நான் குழந்தைகள் இதயப் பிரிவில் 18 வருடமாக நர்ஸ். மருந்தும் ஆபரேஷன் தேதியும் டாக்டர் முடிவு செய்வது. அதற்கு நடுவில் இருக்கிற நாட்கள், அதாவது நீங்கள் கேட்பது, எங்கள் வார்டில் தினமும் பேசுகிற விஷயம்.

முதலில் ஒன்று. அந்தக் காலை நடந்ததை டாக்டரிடம் சொன்னீர்களா? கேள்வியில் அது இல்லை. சொல்லவில்லை என்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு, ஃபைலில் இருக்கும் எண்ணுக்கு இப்போதே போன் செய்யுங்கள். அதற்குப் பெயர் ‘ஸ்பெல்’. தானாகத் தெளிந்துவிட்டது என்று பல அம்மாக்கள் அடுத்த செக்கப் வரை அதை மனதிலேயே வைத்துக்கொண்டு இருப்பார்கள். ஆனால் ஒரு ஸ்பெல் வந்த குழந்தைக்கு இன்னொன்று வரலாம். அது எப்போது வரும், எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று சொல்ல முடியாது. விஷயம் தெரிந்தால் டாக்டர் ப்ராப்ரனலால் மருந்து தொடங்கலாம், இருக்கிற அளவை மாற்றலாம், ஆபரேஷன் தேதியையே முன்னால் கொண்டுவரலாம். மூன்று மாதம் என்று கொடுத்த தேதி, ஸ்பெல் வராத குழந்தைக்குக் கொடுத்த தேதி.

ஸ்பெல் ஏன் வருகிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் குறையும். இந்த இதயத்தில் முக்கியமானவை இரண்டு: கீழ் அறைகளுக்கு நடுவே ஒரு பெரிய ஓட்டை, நுரையீரலுக்குப் போகிற வழியில் ஒரு குறுகல். எக்கோ தாளில் நான்கு குறை எழுதியிருக்கும், மற்ற இரண்டும் இவற்றோடு ஒட்டி வருபவை. நுரையீரல் வழி குறுகலாக இருப்பதால் கொஞ்சம் கெட்ட ரத்தம் சுத்தமாகாமலே ஓட்டை வழியாக உடம்புக்குப் போய்விடுகிறது. அதனால்தான் 82. பிள்ளை வீறிட்டு அழும்போது அந்தக் குறுகலில் இருக்கும் தசை இன்னும் இறுகுகிறது, நுரையீரலுக்குப் போகும் ரத்தம் திடீரென்று குறைகிறது. உதடு கறுக்கிறது, மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்குகிறது, குழந்தை துவள்கிறது. காலையில் எழுந்ததும், பசியோடு அழும்போதும், மலச்சிக்கலில் முக்கும்போதும், ஊசி போடும்போதும், காய்ச்சலில் உடம்பில் நீர் வற்றியிருக்கும்போதும்தான் பெரும்பாலும் வரும்.

வந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான். பாப்பாவின் இரண்டு முழங்காலையும் மடக்கி, நெஞ்சோடு சேர்த்துப் பிடியுங்கள். மல்லாக்கப் படுக்கவைத்துப் பிடிக்கலாம், இல்லையென்றால் உங்கள் தோளில் சாய்த்துக்கொண்டு காலை மடக்கி வயிற்றோடு அழுத்திப் பிடிக்கலாம். கால் பக்கம் ரத்தம் போவதற்குத் தடை ஏற்பட்டால், ரத்தம் நுரையீரல் பக்கம் திரும்பும். ஆபரேஷன் ஆகாத பெரிய குழந்தைகள் நாலு அடி ஓடிவிட்டுக் குத்தவைத்து உட்காருவதை எங்கள் ஓ.பி.யில் பார்த்திருப்பீர்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அந்த உடம்பு தானே கண்டுபிடித்த வைத்தியம் அது. மெதுவாகப் பேசுங்கள், தட்டிக்கொடுங்கள். நாலு பேர் சுற்றி நின்று கத்தக் கூடாது. முகத்தில் தண்ணீர் அடிப்பதும், வாயில் தண்ணீர் ஊற்றுவதும், குலுக்குவதும் வேண்டாம். இரண்டு மூன்று நிமிடத்தில் நிறம் திரும்பவில்லை என்றாலோ, துவண்டாலோ, வலிப்பு வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். காலை மடக்கிப் பிடித்தபடியே போங்கள்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் ஒரு தவறு செய்தேன். காலை ஐந்தரை மணி, டாக்டர் ரவுண்ட்ஸுக்கு முன் ரிப்போர்ட் வேண்டும் என்ற அவசரம். பதினோரு மாதப் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். இன்னும் பால் குடிக்கவில்லை, காலை மருந்தும் கொடுக்கவில்லை. அவனை எழுப்பி ரத்தம் எடுத்தேன். ஊசி இரண்டாவது தடவைதான் சரியாக ஏறியது. அதற்குள் அவன் கறுத்துவிட்டான். நான் சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு உறைந்து நின்றேன். பக்கத்தில் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த அவன் அம்மா எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல், என் கையை விலக்கிவிட்டுக் காலை மடக்கி நெஞ்சில் வைத்து அணைத்துக்கொண்டார். நான் ஆக்ஸிஜனைத் திறக்கும்போது அவன் உதட்டில் நிறம் வரத் தொடங்கியிருந்தது. மூன்றாம் வகுப்புவரை படித்தவர் அவர். அதற்கு முந்தின மாதம் இன்னொரு அம்மாவிடம் கற்றுக்கொண்டாராம். அன்றிலிருந்து டெட்ராலஜி குழந்தைக்கு ரத்தம் எடுப்பதென்றால், வயிறு நிரம்பி, மருந்து கொடுத்து, அம்மா மடியில் வைத்துத்தான் எடுக்கிறேன். அவசரமில்லாத ஊசிக்கு நீங்களும் இப்படிக் கேட்கலாம். எந்த சிஸ்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இந்த மடக்கிப் பிடிப்பதை உங்கள் கணவருக்கும் மாமியாருக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஒரு தலையணையை வைத்துச் செய்து காட்டுங்கள். நீங்கள் கடைக்குப் போயிருக்கும்போதும் ஸ்பெல் வரலாம்.

சரி, அழுகைக்கு வருவோம். டாக்டர் ‘குழந்தையை அழவிடாதீர்கள்’ என்று சொல்லியிருப்பார். அது உண்மைதான். ஆனால் அழுகையைத் தவிர்ப்பது வேறு, கேட்டதையெல்லாம் கொடுப்பது வேறு. தவிர்க்கக் கூடிய அழுகைகளில் பாதி, பசி, தாகம், தூக்கம், மலச்சிக்கல் இந்த நாலில் முடிந்துவிடும். காலையில் அவள் எழுவதற்கு முன்னாலேயே பாலும் மருந்தும் தயாராக இருந்தால், நாளின் மிக ஆபத்தான அரை மணி நேரம் கடந்துவிடும். குளியல் வெதுவெதுப்பான நீரில், வயிறு காலியாக இல்லாதபோது, சீக்கிரம் முடியட்டும். பிள்ளைகளை எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டு, மூக்கையும் வாயையும் தேய்த்துக் கதறக் கதறக் குளிப்பாட்டும் பழக்கம் இந்தக் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்.

மிச்சம் இருப்பது பிடிவாத அழுகை. ஒன்றரை வயதில் எல்லாப் பிள்ளைகளும் பிடிவாதம் பிடிக்கும். இப்போது இரண்டே இரண்டு விதி போதும்: ஆபத்தான பொருள் கைக்கு வராது, யாரையும் அடிக்கக் கூடாது. இந்த இரண்டில் மட்டும் வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி இருங்கள். கத்தியைக் கேட்டால் ‘கொடுக்கமாட்டேன்’ என்று சண்டை போடாமல், எடுத்து மறைத்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் ஆட்டுக்குட்டியைக் காட்டுங்கள். இது விட்டுக்கொடுப்பது ஆகாது. கத்தி அவள் கைக்குப் போகவில்லை, அவ்வளவுதான் வேண்டியது. மற்றதில் கொஞ்சம் தளர்வாக இருந்துவிட்டுப் போங்கள். ஆபரேஷன் முடிந்து தையல் ஆறியதும் வீட்டுச் சட்டங்களைத் திரும்பக் கொண்டுவரலாம். கொண்டுவரவும் வேண்டும். இதயம் சரியாகி நாலு வருடம் ஆன பிறகும், ‘நெஞ்சு வலிக்குது’ என்று கையை நெஞ்சில் வைத்தால் வீடே ஓடிவரும் என்று கண்டுபிடித்து வைத்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அந்தப் பிள்ளைகள் மீது குற்றமில்லை. நாம் கற்றுக்கொடுத்ததுதான்.

ஓடி விளையாடுவதைத் தடுக்கவே வேண்டாம். இந்த வயதுக் குழந்தை தன்னால் முடிந்தவரை ஓடும், முடியாதபோது உட்காரும், அல்லது தூக்கச் சொல்லும். அது உட்கார்ந்தால் நீங்கள் எழுப்பி ஓடச் சொல்லாதீர்கள். அவ்வளவுதான் கட்டுப்பாடு. ஓடுவதைப் பார்த்துப் பதறுகிற அம்மாக்கள், பயப்பட வேண்டிய வேறு சில விஷயங்களைச் சாதாரணமாக விட்டுவிடுகிறார்கள். அவற்றைத்தான் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும்.

வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல். மற்றப் பிள்ளைக்கு ஒருநாள் பொறுத்துப் பார்க்கலாம். இப்படி ஆக்ஸிஜன் குறைந்து நீலமாகும் குழந்தைக்கு, நாங்கள் சொல்லும் ‘நீலக் குழந்தை’க்கு, ரத்தம் ஏற்கெனவே கெட்டியாக இருக்கும். நீர் வற்றினால் இன்னும் கெட்டியாகி மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடவும் வாய்ப்பு உண்டு, ஸ்பெல்லும் வரும். அதனால் முதல் பேதியிலேயே ஓ.ஆர்.எஸ். தொடங்குங்கள். குடிக்க மறுத்தால் அன்றே ஆஸ்பத்திரி. ப்ராப்ரனலால் சாப்பிடும் குழந்தை வாந்தியால் ஒன்றும் சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும், அதனால் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது. பக்கத்து கிளினிக்கில் டிரிப்ஸ் போட நேர்ந்தால் ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: ‘இது நீலக் குழந்தை, டியூபில் காற்றுக்குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.’ நமக்கெல்லாம் சின்னக் குமிழி நுரையீரலில் வடிகட்டப்பட்டுவிடும். இவளுக்கு அது ஓட்டை வழியாக நேராக மூளைக்குப் போகலாம்.

அடுத்தது இரும்புச்சத்து. இதில் படித்தவர்கள்கூட ஏமாறுகிறார்கள். ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 12 என்று இருந்தால் சந்தோஷப்படுவோம். சாச்சுரேஷன் 82 உள்ள குழந்தையின் உடம்பு, குறைந்த ஆக்ஸிஜனை ஈடுகட்ட அதைவிட அதிகமாக ரத்தம் ஊற வைக்கும். ஆகவே அவளுக்கு 12 என்பது ரத்தசோகை. ரத்தசோகை இருந்தால் ஸ்பெல் அதிகம் வரும். இரும்புச்சத்து சிரப் எழுதிக்கொடுத்திருந்தால், ‘அதான் ரத்தம் நல்லா இருக்கே’ என்று நிறுத்திவிடாதீர்கள். சிரப்பால் பல் கறுக்கும் என்று பயந்தால், நாக்கின் பின்பக்கமாக விட்டு மேலே கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். சிலருக்கு அது மலச்சிக்கல் தரும், அப்படி ஆனால் சொல்லி வேறு மாற்றிக்கொள்ளலாம், முக்க வைக்கக் கூடாது.

அப்புறம் பல். முளைத்த நாளிலிருந்து இரண்டு வேளை தேயுங்கள். சொத்தைப் பல்லில் இருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து இதயத்தின் உள்சுவரில் போய் உட்கார்ந்துகொள்ளும். ராத்திரி பால் பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்கவைப்பது இந்தப் பிள்ளைகளிடம் ரொம்பச் சகஜம், அழக் கூடாதே என்று. அது சொத்தைக்கு நேர்வழி. பல் டாக்டரிடம் போனால் இதயக் குறையை முதலில் சொல்லுங்கள், பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

காது குத்துவதும் மொட்டை போடுவதும் இதோடு சேர்ந்ததுதான். இப்போது வேண்டாம். குத்தும்போது கதறுவாள், ஸ்பெல் வரலாம். புண்ணானால் கிருமி இதயத்துக்குப் போகலாம். ஆபரேஷனில் ஓட்டையை அடைக்க வைக்கும் ஒட்டின் மேல் நம் சதை வளர்ந்து மூட ஆறு மாதம் ஆகும். அது கழிந்து, டாக்டரைக் கேட்டுவிட்டுச் சுத்தமான ஊசியால் குத்திக்கொள்ளலாம். மாமியாரிடம் ‘கூடாது’ என்று சொல்வதைவிட, ‘ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் அங்கே வந்து காது குத்துகிறோம் என்று நீங்களே வேண்டிக்கொள்ளுங்கள் அத்தை’ என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் வார்டில் பல வீடுகளில் இது சுமுகமாக முடிந்திருக்கிறது. அவருக்கும் செய்ய ஒன்று வேண்டும் இல்லையா. அதே மாதிரி தொக்கம் எடுப்பது, சூடு போடுவது, உரை மருந்து, வீடு நிறையச் சாம்பிராணிப் புகை, இவை எதுவும் வேண்டாம். தொக்கம் எடுக்கக் கூட்டிக்கொண்டு போய், வழியிலேயே ஸ்பெல் வந்து எங்களிடம் வந்த குழந்தைகள் உண்டு.

சாப்பாடு. இந்தக் குழந்தைக்குச் சாப்பிடுவதே வேலை, மூச்சு வாங்கும். அதனால் மூன்று வேளை பெரிய தட்டு சரிப்படாது. ஆறு தடவை சின்னக் கிண்ணம் வையுங்கள், ஒரு தடவைக்கு இருபது இருபத்தைந்து நிமிடம். அதற்கு மேல் துரத்தித் துரத்தி ஊட்டினால் அவள் சாப்பிட்டதைவிடச் செலவழித்ததுதான் அதிகமாக இருக்கும். அளவைக் கூட்ட முடியாததால் சத்தைக் கூட்டுங்கள்: பருப்புச் சாதத்தில் இரண்டு ஸ்பூன் நெய், கேழ்வரகுக் கூழில் தேங்காய்ப்பால், மசித்த முட்டை, வாழைப்பழம், வறுத்து நைசாக அரைத்த வேர்க்கடலை. பாட்டில் பாட்டிலாகப் பசும்பால் போனால் சாதத்துக்கு வயிற்றில் இடம் இருக்காது, இரும்புச்சத்தும் குறையும், நாளைக்கு அரை லிட்டருக்குள் நிறுத்துங்கள். தண்ணீர் தாராளமாகக் கொடுக்கலாம். வாரம் ஒரு முறை ஒரே தராசில் எடை பார்த்து ஃபைலின் முதல் பக்கத்தில் தேதியோடு எழுதுங்கள்.

இங்கே மற்றப் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. ‘இதயத்தில் ஓட்டை’ மட்டும் உள்ள, நீலமாகாத குழந்தையின் கதை வேறு. அங்கே நுரையீரலுக்கு ரத்தம் அதிகமாகப் போகும். பால் குடிக்கும்போது நெற்றி வியர்ப்பது, நாலு மிடறு குடித்துவிட்டு நிறுத்தி மூச்சு வாங்குவது, எடை ஏறாமை, அடிக்கடி நிமோனியா, இவைதான் அதன் அடையாளம். தூங்கும்போது முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுவரை 50-க்கு மேல், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 40-க்கு மேல் என்றால் காத்திருக்காதீர்கள். சின்ன ஓட்டைகள் பல தானாக மூடிக்கொள்ளும். பெரிய ஓட்டையை ‘மூடிக்கொள்ளும்’ என்று காத்திருந்து, நுரையீரல் ரத்தக்குழாய்கள் தடித்துப் போனால், அப்புறம் ஆபரேஷனே செய்ய முடியாத நிலை வந்துவிடும்.

மாமியார் சொல்லும் ‘ஐந்து வயது’ எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. முன்பு நம் ஊரில், குழந்தையாக இருக்கும்போது கை ரத்தக்குழாயிலிருந்து நுரையீரலுக்கு ஒரு குழாய் மட்டும் இணைத்துவிட்டு, முழு ஆபரேஷனை நாலைந்து வயதில் செய்வது வழக்கம். அந்தக் குழாய் இணைப்பு முதன்முதலில் நடந்தது 1944 நவம்பர் 29 அன்று, அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில். அந்தக் குழந்தைக்கு அப்போது உங்கள் பாப்பாவைவிட வயது குறைவு, பதினைந்து மாதம். இந்த ஆபரேஷன் வேண்டும் என்று கேட்டவர் ஹெலன் டாசிக் என்ற பெண் டாக்டர். காது சரியாகக் கேட்காததால், பிள்ளைகளின் நெஞ்சில் கையை வைத்தே இதயத்தின் சத்தத்தை உணர்ந்தவர். செய்தவர் ஆல்ஃப்ரட் பிளாலக். ஆய்வகத்தில் அந்த முறையைச் செய்து பழகி, பிளாலக்கின் பின்னால் நின்று வழிகாட்டியவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பினத் தொழில்நுட்பர். அதற்கு முன் இந்தக் குறையோடு பிறந்த பிள்ளைகளில் பாதிப்பேர் மூன்று நாலு வயதைத் தாண்டவில்லை. இன்று முழு ஆபரேஷனையே முதல் வயதை ஒட்டிச் செய்கிறார்கள். நல்ல மையங்களில் நூற்றுக்கு 97, 98 குழந்தைகள் நலமாக வீடு திரும்புகிறார்கள். உங்கள் பாப்பாவுக்கு ஏற்கெனவே ஒன்றரை வயது, ஸ்பெல்லும் வந்துவிட்டது. தள்ளிப்போட இங்கே இடமில்லை. மாமியாரையும் ஒரு முறை ஓ.பி.க்குக் கூட்டிப்போய் டாக்டர் வாயாலேயே கேட்கச் செய்யுங்கள். நீங்கள் வாதாடுவதைவிட அது நல்லது.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு, இதய ஆபரேஷனும் அதில் வரும். அட்டையில் பாப்பாவின் பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். குழந்தையின் பெயரை ரேஷன் கார்டில் சேர்க்காமல் விட்டு, கடைசி வாரத்தில் தாலுகா ஆபீசுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் அலையும் அப்பாக்களை எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழு மூலம் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போனாலும் வழிகாட்டுவார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின மூன்று வாரம் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் பெரிய வேலை. சளி, காய்ச்சல் இருந்தால் தேதி தள்ளிப்போகும். கல்யாணம், திருவிழா, கூட்டமான பஸ் வேண்டாம். வெளியிலிருந்து வருபவர்கள் கை கழுவிவிட்டுத் தூக்கட்டும். தடுப்பூசி எதையும் இதயத்தைக் காரணம் காட்டி விடாதீர்கள், ஆபரேஷன் தேதியை மட்டும் சொல்லிக் கேட்டுப் போடுங்கள். ஆபரேஷனில் ரத்தம் ஏற்றியிருந்தால் தட்டம்மை ஊசியைச் சில மாதம் தள்ளிப்போடச் சொல்வார்கள்.

ஐ.சி.யூ.வில் முதல் தடவை பார்க்கும்போது தயாராகப் போங்கள். வாயில் டியூப், நெஞ்சில் இரண்டு குழாய், கழுத்தில் ஊசி, முகம் கொஞ்சம் வீங்கி இருக்கும். அடையாளமே தெரியவில்லை என்று அழுவார்கள். அந்த நேரத்தில் காலைப் பாருங்கள். கால் விரல் நகங்களை. சென்ற வருடம் ஒரு அப்பத்தா, வார்டுக்கு வந்த பேரனின் நகத்தைத் தன் சேலை முந்தானையால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘யாரோ மருதாணி வச்சிருக்காங்க சிஸ்டர்’ என்றார். பிறந்ததிலிருந்து அந்த நகத்தை அவர் சிவப்பாகப் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ஆறு வாரம் அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது, நெஞ்செலும்பு ஒட்ட வேண்டும். ஒரு கை கழுத்துக்குக் கீழே, ஒரு கை இடுப்புக்குக் கீழே கொடுத்து அள்ளித் தூக்குங்கள். காய்ச்சல், தையலில் நீர் வடிதல், சோர்வு, திரும்பத் திரும்ப வாந்தி என்றால் உடனே போன் செய்யுங்கள். இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கலாம். ராத்திரி அலறி எழுவாள், உங்களை விட்டு இறங்கமாட்டாள், வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் ஒளிவாள். சில வாரங்களில் சரியாகிவிடும். அதட்ட வேண்டாம். வருடாவருடம் எக்கோவை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆபரேஷன் ஆன பல பிள்ளைகளுக்கு நுரையீரல் வால்வு கசியும், பெரியவளான பிறகு அதை மாற்ற வேண்டி வரலாம். ‘பொண்ணாச்சே, நெஞ்சில் தழும்போடு எப்படிக் கட்டிக்கொடுப்பது’ என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இதே ஆபரேஷன் ஆகி, கல்யாணமாகி, இதய டாக்டரின் கண்காணிப்பில் பிள்ளை பெற்றவர்கள் பலர் இருக்கிறார்கள்.

உங்கள் கேள்வியில் ஓரிடத்தில், ‘கிரகணத்தன்று வெளியே போனதாலா’ என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. இதயம் கருவில் எட்டாவது வாரத்துக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது, அப்போது பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே சரியாகத் தெரியாது. கட்டுப்படாத சர்க்கரை நோய், ரூபெல்லா அம்மை, சில மருந்துகள், சில மரபணுக் கோளாறுகள் காரணமாகலாம். நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்தால் வாய்ப்பு ஓரளவு கூடும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இன்னது என்று ஒரு காரணத்தைக் காட்டவே முடியாது. நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்கு ஏதாவது ஓர் இதயக் குறை இருக்கிறது. அடுத்த குழந்தை வேண்டும் என்று நினைத்தால், 18-லிருந்து 22 வாரத்துக்குள் கருவின் இதயத்துக்கென்று தனியாக எக்கோ எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கடைசியாக, உங்கள் மகன். அவன் பொம்மையைப் பிடுங்கியதால்தான் என்று நீங்கள் எழுதிய வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த வார்த்தையை வீட்டில் அவன் காதுபட யாரோ சொல்லியிருப்பார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதன் அர்த்தம், ‘நான் தங்கச்சியைச் சாகடிக்கப் பார்த்தேன்’ என்பதுதான். அவனைத் தனியாகக் கூட்டிப்போய் மடியில் உட்காரவைத்து, இன்றே சொல்லுங்கள்: ‘பாப்பாவுக்குப் பிறக்கும்போதே நெஞ்சுக்குள்ளே ஒரு பாதை சின்னதாக இருந்தது. அதனால்தான் அப்படி ஆனது. நீ எதுவும் செய்யவில்லை. டாக்டர் அதைச் சரி செய்யப் போகிறார்.’ மூன்று நாலு நாள் கழித்துத் திரும்பவும் சொல்லுங்கள், ஒரு தடவையில் நம்பமாட்டான். அவனுக்கு என்று தினமும் அரை மணி நேரம், பாப்பா தூங்கும்போது, போன் இல்லாமல் கொடுங்கள். ஒரு வேலையும் கொடுங்கள். காலையில் பாப்பா எழுந்ததும் தண்ணீர் டம்ளரைக் கொண்டுவந்து கொடுப்பது அவன் பொறுப்பாக இருக்கட்டும். ஆபரேஷனுக்குப் போகும் நாளில், அந்தப் பொம்மையை அவனே எடுத்து பையில் வைக்கட்டும்.